நான் காணாத கனா

போன வாரம் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு நாம் வெளிக்கிட்ட அன்று யார் யார் கையில் எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று. எல்லோரும் எழுதினீர்கள். ஒருத்தி பால்மாத் தகரப் பேணி என்றாள். இன்னொருத்தி அவசரத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்துச் சோடியில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னாள். இரண்டு நாளாகக் குழு சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று மூன்று பேர் தனியாகவும் கேட்டீர்கள்.

அந்த நாளைப் பற்றி என்னால் நேராக எழுத முடியாது. அதற்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களைச் சொன்னால்தான் அந்த நாளுக்கு வரலாம். அந்த மாதங்களில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை ஒரேயொருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அவரும் இப்போது இல்லை. நாமெல்லாம் ஐம்பதை எட்டிப் பார்க்கிறோம். இனி யாருக்குப் பயந்து மறைப்பது?

அந்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியதோடு கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். ஓதப் போகும்போது போட்ட முக்காடுகளில் எல்லாம் அந்த வாசம்தான். வெயிலில் காய்ந்த முக்காட்டை முகத்தோடு சேர்த்தால் வயிறு பசிக்கும். எங்கள் வீட்டில் அதோடு இன்னொரு வாசமும் கலந்திருந்தது. வாப்பா கொண்டுவந்து அடுக்கும் புதுத் துணியின் கஞ்சி வாசம்.

வாப்பா சைக்கிளில் புடவை கொண்டுபோய் விற்றவர். கரியரில் ஒரு பெரிய பொட்டலம், அதன் மேல் துணி அளக்கிற யார்க்கோல். திங்கட்கிழமை பண்டத்தரிப்பு, புதன்கிழமை வட்டுக்கோட்டை. சனிக்கிழமைகளில் தெல்லிப்பழைக்குப் போய் வந்தவர், அந்தப் பக்கம் சண்டையாகிச் சனம் இடம்பெயர்ந்துவிட்டதால் நிறுத்தியிருந்தார். அந்த ஊர்களில் அவருக்குப் பெயர் 'புடவை நானா'. எந்த வீட்டில் கலியாணம், எந்த வீட்டில் பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்பதெல்லாம் சொந்தக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியவரும். பின்னேரம் திரும்பும்போது பொட்டலம் சிறுத்திருக்கும், சைக்கிள் கொழுவியில் முருங்கைக்காயும் வெங்காயப் பிடியும் தொங்கும். யாருக்கும் கீழே கைகட்டி நிற்காத பிழைப்பு. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அது எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். வாப்பா, உம்மா, பதினொரு வயதில் நான், ஒன்றரை வயதில் தம்பி. ஒன்பது வருடத்துக்கு மேல் ஒற்றைப் பிள்ளையாக இருந்தவள் நான். தம்பி வந்த பிறகு யாரும் என்னைத் தள்ளிவைக்கவில்லை. ஆனால் உம்மா என் தலையை வாரி இழுக்கும்போதும் கண் தம்பியின் மேல் இருக்கும். நான் சொல்லும் கதைக்கு "ஓம் ஓம்" என்பார். இடையில் நிறுத்திப் பார்ப்பேன். நிறுத்தியதும் அவருக்குத் தெரியாது.

அதனால் நமக்கு ஓதிக்கொடுத்த மாமியின் முன்னறை எனக்குப் பெரிய இடமாக இருந்தது. நம் எட்டுப் பேரில் குர்ஆனை முதலில் முடிக்கப் போகிறவள் நான். அதற்கு முந்திய நோன்புக்கு முன் குர்ஆனை ஓதிக் கத்தம் முடித்த பெரிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். புதுச் சட்டை போட்டு நடுவில் இருத்தினார்கள். நாம் சுற்றியிருந்து ஓதினோம். வட்டிலப்பம் கிண்ணம் கிண்ணமாக வந்தது. அவளுடைய உம்மா அழுதார். அன்று அந்த அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவள் மேல். எனக்கும் அப்படி ஒரு நாள் வேண்டியிருந்தது. வாப்பாவும் அதற்கென்று பொட்டலத்திலிருந்து பச்சைச் சாட்டின் துணி வெட்டி அலுமாரியில் வைத்திருந்தார். ஆளில்லாத நேரம் அலுமாரியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன். தண்ணீரைத் தொடுவது போல இருக்கும்.

ஆவணி மாதம் கொழும்பிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. மாமா உம்மாவின் மூத்த சகோதரர். அங்கே அவருக்குப் புடவைக்கடை. வவுனியாப் பக்கமாகச் சுற்றிப் போய்வந்த ஒரு வியாபாரி கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலைமை நல்லதாகத் தெரியவில்லை, குடும்பத்தோடு வந்துவிடுங்கள், வீடு பார்த்து வைத்திருக்கிறேன், மச்சான் என்னுடைய கடையில் நிற்கலாம் என்று மாமா எழுதியிருந்தார். உம்மா அதை நாலு தரம் வாசித்தார். கோட்டைப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். பிளேன் சத்தம் கேட்டால் தம்பி உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்குவான். உம்மாவுக்குப் போக வேண்டும். அதை அவர் ஒளிக்கவில்லை.

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இஸ்திகாராத் தொழுகை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் அதை இலகுவாக்கு, கெட்டதென்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று கேட்பது. நம்முடைய ஆட்களுக்குள் அதற்குப் பிறகு கனவில் பதில் வரும் என்றொரு நம்பிக்கையும் இருந்தது. வாப்பா ஏழு நாள் தொழுதார். ஒவ்வொரு காலையும் உம்மா அவர் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டுவார். ஒன்றும் காணவில்லை.

ஏழாம் நாள் உம்மா பொறுமை இழந்து சொன்னார்.

"கனா காண வேணும் எண்டு எங்கை இருக்கு? உங்கடை மனசு எந்தப் பக்கம் சாயுது எண்டு பாருங்கோ."

வாப்பா முற்றத்தில் இறங்கிச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார்.

அன்று பின்னேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். இன்னும் பாவம் எழுதப்படாத வயது எனக்கு, அப்படியான பிள்ளைகளின் கனா தெளிவாக இருக்கும் என்று சொன்னார். முகம் கை கால் கழுவி வுளூச் செய்துவிட்டுப் படுக்கச் சொன்னார். கொழும்புக்குப் போவதா இங்கே இருப்பதா என்று நினைத்துக்கொண்டே படு, காலையில் எனக்கு மட்டும் சொல் என்றார். அவர் இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாகியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு கனாவும் காணவில்லை. கண்ணை மூடினேன், திறந்தபோது விடியற்காலைச் சுபஹு பாங்கு கேட்டது. தலைக்குள் ஒன்றும் இல்லை. வாப்பா தொழுது முடித்துப் பாயிலேயே இருந்தார். கையில் தஸ்பீஹ் மணி. என்னைக் கண்டதும் உருட்டுவதை நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்காக ஒரு பெரிய ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். ஒன்றுமில்லை என்று சொன்னால் அது முடிந்துவிடும். அதோடு கொழும்புக்குப் போனால் என் கத்தமும் முடிந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் மனதுக்குள் ஓடின.

"ஒரு வீட்டு வாசலிலை வெள்ளைப் படலை, வாப்பா. சுத்திவரத் தண்ணி. படலைக்கு உள்ளுக்கை நீங்கள், உம்மா, தம்பி எல்லாரும் இருந்தனீங்கள். வெள்ளை உடுப்போடை ஒராள் வந்து, இருங்கோ, இஞ்சையே இருங்கோ எண்டு சொன்னவர்."

வாப்பா கனநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது.

மத்தியானம் குசினியில் உம்மா தானும் கேட்க வேண்டும் என்றார். சட்டியில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி இடுப்பில். நான் மறுபடி சொன்னேன். சொல்லும்போது படலைக் கதவைப் பச்சை என்று சொல்லிவிட்டேன். அலுமாரிக்குள் இருந்த சாட்டின்தான் வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் உறைத்தது. வாப்பா வாசற்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கேட்கவில்லை என்று நினைத்தேன்.

உம்மா மீன் சட்டியை இறக்கி வைத்தார். கண்ணைத் துடைத்தார். "அப்ப சரி. அல்லாஹ் இருக்கச் சொன்னால் இருப்பம்," என்றார். அன்றிலிருந்து கொழும்பு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. வாப்பா மாமாவுக்குப் பதில் எழுதினார்.

இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் பயம் வந்தது. அந்தப் பயத்தோடுதான் ஒருநாள் மாமியிடம் கேள்வி கேட்டேன். அது உங்களுக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மாமி ஈமானின் கடமைகளைச் சொல்லிக்கொண்டு வந்து, நன்மை தீமை எல்லாம் அல்லாஹ்வின் விதிப்படி என்று நம்புவது கடைசி என்றார். எல்லாம் முன்னமே எழுதப்பட்டது என்றார். நான் கையைத் தூக்கி, அப்படியென்றால் ஒராள் பொய் சொன்னால் அதுவும் எழுதினதுதானே, அவர்மேல் என்ன பிழை என்று கேட்டேன்.

அந்தக் கிழமை மாமியின் கற்கண்டுப் பேணி காணாமல் போயிருந்தது. அவர் எழும்பிவந்து என் காதைப் பிடித்தார்.

"செய்யமுந்தி நீ போய் வாசிச்சனியோ, என்ன எழுதியிருக்கு எண்டு? வாசிக்காமல்தானே செய்தனி? அப்ப அது நீ செய்ததுதான்."

கற்கண்டை நான்தான் எடுத்தேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நானும் ஓம் என்றேன். ஏதோ ஒன்றுக்குத் தண்டனை கிடைத்தால் மனம் ஆறும் போல இருந்தது. அவர் உம்மாவிடம் முறையிட்டார். உம்மா வெட்கப்பட்டுப் புதுக் கற்கண்டு வாங்கிக் கொடுத்தார். கற்கண்டை எடுத்தது உங்களில் ஒருத்தி. யாரென்று நான் கேட்கப் போவதில்லை.

அடுத்த கிழமை அதைவிட மோசம். காணாத கனாவைக் கண்டதாகச் சொல்கிறவனிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார்கள், அவனால் போட முடியாது என்று மாமி சொன்னார். தம்பிக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க வீட்டில் ஒரு பேணியில் பார்லி இருந்தது. வாற்கோதுமை என்பது அதுதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிணற்றடியில் போய் இருந்து இரண்டு மணிகளை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். ஊறவைத்துப் பார்த்தேன். ஊறினதும் நசிந்துபோனது. நான் பார்லியோடு விளையாடி வீணாக்குகிறேன் என்று உம்மா ஏசினார்.

யாருக்காவது சொல்லியிருக்கலாம். உங்களில் ஒருத்திக்காவது. ஆனால் கத்தம் நெருங்க நெருங்க நீங்கள் என்னிடம் மரியாதையாக நடந்தீர்கள். எனக்குப் பக்கத்தில் இருக்கச் சண்டை பிடித்தீர்கள். அதையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. கத்தத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். மாமியே சட்டையைத் தைத்தார். கீழ்க்கரை மட்டும் மடித்து அடிக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முந்தித்தான் இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் நம் தெருவால் வந்தது. எல்லோரும் மைதானத்துக்கு வாருங்கள் என்றார்கள். முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அங்கே சொன்னதும், அதற்கு இரண்டு மணித்தியாலம் தந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டை மாமியின் தையல் மெசினில் கிடந்தது. உம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டார். நான் பார்லிப் பேணியை எடுத்தேன், தம்பிக்கு வேண்டுமென்று. யார் எதை எடுத்துவந்தீர்கள் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் அதுதான்.

வாப்பா பொட்டலத்தைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். ஊரின் எல்லையில் துவக்குப் பிடித்த இயக்கப் பொடியள் வரிசையாக நின்று சோதித்தார்கள். உம்மாவின் காதில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் வரிசையில் நின்ற பொடியனைக் கண்டதும் வாப்பா நின்றுவிட்டார்.

"உவன் பண்டத்தரிப்பு ரீச்சரின்ரை மகன்," என்று உம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

வாப்பா திங்கட்கிழமைகளில் முதலில் போகும் வீடு அது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளை வாங்கிச் சுவரோடு சாத்தினான். பொட்டலத்தை இறக்கினான். யார்க்கோலை மட்டும் உருவி வாப்பாவின் கையில் கொடுத்தான். மழைக்குள் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு வாப்பா நடந்தார்.

மாமா கொழும்பில் பார்த்து வைத்த வீடு அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது; எங்களுக்குக் கிடைத்தது புத்தளத்தில் அகதிகளுக்குப் போட்ட தென்னோலைக் கொட்டில். மணலுக்குக் கீழே ஒரு முழத்தில் தண்ணீர். தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கி நாலாம் நாள் அவன் அழுவதை நிறுத்தினான். பார்லித் தண்ணீர் காய்ச்ச விறகு எல்லாம் ஈரம். மார்கழி பிறக்கும்போது அவனை அந்த மணலில் அடக்கினோம். வந்தவர்கள் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். ஒவ்வொருவரும் அதைச் சொல்லும்போது நான் கொட்டிலின் பின்பக்கம் போய் நின்றேன். ஆவணியில் போயிருந்தால் அவன் கொழும்பில் ஒரு சீமெந்து வீட்டில் ஓடித் திரிந்திருப்பான். அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். குர்ஆனில் எனக்கு மிச்சமிருந்த பக்கங்களை அங்கே ஒரு காலையில் யாரும் கேட்காமல் ஓதி முடித்தேன். முடித்தது ஒருவருக்கும் தெரியாது.

தம்பிக்கு ஏழாம் நாள் ஓதி முடிந்து ஆட்கள் போன பிறகு உம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினார். அந்தக் கனாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டு இருந்தேன். அவரே சொல்லத் தொடங்கினார்.

"பச்சைப் படலைக்கு உள்ளுக்கை தம்பியும் இருந்தவன் எண்டு சொன்னனிதானே? நாங்கள் தான் பிழையா விளங்கினது. அது யாழ்ப்பாணத்துப் படலை இல்லை, மகள். சுவர்க்கத்துப் படலை."

நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு எப்படி இல்லையென்பது? உம்மா அந்தக் கனாவைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார், சமைத்தார், பாய் இழைத்து விற்றார், என்னைக் கட்டிக்கொடுத்தார். மனம் சோரும் நேரமெல்லாம் எனக்கு ஆள் அனுப்புவார். நான் போய்ச் சொல்வேன். வருடம் போகப் போகப் படலைக்குள் மரங்கள் முளைத்தன, தம்பி ஓதத் தொடங்கினான். வாப்பா பக்கத்தில் இருந்தால் எழும்பி வெளியே போய்விடுவார். அவருக்குத் தம்பியைப் பற்றிய பேச்சைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். ஐந்து வருடத்துக்கு முன் உம்மா கடைசியாகப் படுத்திருந்தபோதும் கேட்டார். நான் வடிவாகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்திருந்தது. என் பொய்யைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்.

அதற்கு அடுத்த வருடம் வாப்பா யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும் என்றார். எழுபத்துநாலு வயது அவருக்கு. நானும் அவரும் மட்டும் பஸ்ஸில் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. உம்மாவின் குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. அவர் அங்கே ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பண்டத்தரிப்புக்குப் போவம் என்றார்.

ஓட்டோ பிடித்தோம். ரீச்சரின் வீட்டை அவர் ஒருவரையும் கேட்காமல் காட்டினார். ரீச்சர் வெளியே கதிரையில் இருந்தார். கண் பார்வை குறைந்திருந்தது. வாப்பா பேசினதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "புடவை நானாவே?" என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே சுவரில் அந்தப் பொடியனின் படம் மாலையோடு தொங்கியது. நாங்கள் போன அடுத்த வருடமே சண்டையில் செத்துப்போனானாம். பத்தொன்பது வயது.

"எல்லாம் விதி, நானா. உங்களையும் என்ரை பிள்ளையையும் அதுதான் கொண்டுபோனது," என்றார் ரீச்சர்.

வாப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவனை எல்லையில் கண்டதை அவர் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடச் சேட்டுத் துணி நான்தான் அளந்து தந்தனான் என்று மட்டும் சொன்னார். பிறகு,

"விதி எண்டு சொன்னால் எல்லாருக்கும் லேசு, ரீச்சர். எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலாமல் இருக்கு," என்றார்.

ரீச்சருக்கு அது விளங்கியதோ தெரியாது. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தோம்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் சிவந்த மண்ணில் வெங்காயம் நட்டிருந்தது. ஓட்டோவுக்குள் காற்று அடித்தது. வாப்பா ரீச்சரிடம் சொன்ன சொல் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. உம்மா இல்லை. இனி அந்தக் கனா யாருக்கும் தேவையில்லை. நான் சொன்னேன். அன்றைக்கு நான் கனாவே காணவில்லை வாப்பா, கத்தத்துச் சட்டைக்காகப் பொய் சொன்னேன், தம்பியை நான்தான் கொன்றேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

வாப்பா அதிரவில்லை.

"தெரியும்," என்றார். "காலமை வெள்ளைப் படலை எண்டனி. மத்தியானம் பச்சை எண்டனி."

தெரிந்துகொண்டா இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தை வெளியே திருப்பினார். பிறகு சொன்னார். ஏழு நாளும் பதில் வரவில்லை என்று உம்மாவுக்குச் சொன்னது பொய். மூன்றாம் நாளே மனம் போ என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நாட்களிலேயே லொறிக்காரன் ஒருவன் தானாக வந்து வவுனியாவுக்கு இடம் இருக்கிறது என்றிருக்கிறான். வீட்டை வாடகைக்குக் கேட்டும் ஒருவர் வந்திருக்கிறார். ஒவ்வொரு வாசலாகத் திறந்தது.

"எனக்கு மச்சான்ரை கடையிலை கூலிக்கு நிக்க மனமில்லை. அல்லாஹ் சொன்ன பதில் பிடிக்கேல்லை எண்டுதான் உன்னட்டைக் கேட்டனான். நீ எனக்குப் பிடிச்சதைச் சொன்னாய். நீ சொன்னது பொய் எண்டு தெரிஞ்சும் பிடிச்சுக்கொண்டன். அவன் வழி காட்டாமல் விட்டிருந்தால் விதி எண்டலாம். காட்டினவன், மகள். நான்தான் நடக்கேல்லை."

பிறகு இன்னும் மெல்ல, நீ இதைச் சுமந்துகொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது, உம்மாவைத் தேற்றத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன் என்றார். என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"என்னைப் பொறுத்துக்கொள்."

பாரம் இறங்கும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருந்தேன். எனக்கு வந்தது கோபம். பதினொரு வயதில் கிணற்றடியில் இருந்து பார்லி மணியோடு போராடின பிள்ளையை அவர் பார்த்திருப்பார். கொட்டிலுக்குப் பின்னால் தனியே நின்றவளையும் பார்த்திருப்பார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் சொல்லவில்லை. நான் கையை இழுக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. பஸ் ஏறும்வரை, புத்தளம் வரும்வரை திறக்கவில்லை.

உம்மா போனதிலிருந்து வாப்பா என் வீட்டில்தான் இருந்தார்; வந்த பிறகும் பொறுத்தேன் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். தொழுது முடித்தால் என் பக்கம் பார்ப்பார். நான் சோறு போட்டுக் கொடுப்பேன், மருந்துக் குளிசை எடுத்துக் கொடுப்பேன், வேட்டி சாரன் எல்லாம் தோய்த்துப் போடுவேன். பெருநாளன்று சொல்லலாம் என்று நினைத்தேன். பெருநாளன்று அவர் காலையிலேயே என் அறை வாசலில் வந்து நின்றார். நான் வட்டிலப்பம் இறக்க வேண்டும் என்று சொல்லிக் குசினிக்குப் போய்விட்டேன். போய் அங்கே சும்மா நின்றேன்.

யாழ்ப்பாணம் போய்வந்து நாலாம் மாதம், ஒரு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வுளூச் செய்யப் போனவர் தண்ணீர்க் குழாயடியில் சரிந்துவிட்டார்.

ஜனாஸாவைத் தூக்குமுன் வாசலில் பள்ளிவாசல் ஹஸ்ரத் நின்று, இவரால் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பொறுத்துக்கொண்டோம் என்று ஆண்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவரைச் சரியாகத் தெரியாது. உள்ளே பெண்களுக்கு நடுவில் நானும் சொன்னேன். நாலு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து சொல்லாததை அப்போது சொன்னேன். அப்போது என் கையைப் பிடித்து, அழாதே, எல்லாம் அவனுடைய நாட்டம் என்று சொன்னது உங்களில் ஒருத்திதான். நான் கையை உதறினேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நீ என்னோடு அதிகம் பேசுவதில்லை. நீ சொன்னதில் பிழையில்லை. அவரை அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டது அவனுடைய நாட்டம். அந்த நாலு மாதம் நான் செய்தது.